கசிவு வட்டத்துக்குள் ஒரு கடை

அறிவுக்கு ஒரு கெட்ட குணம் உண்டு. செலவு செய்து அதை உண்டாக்கியவரிடமே அது முழுவதுமாகத் தங்குவதில்லை. ஒரு தொழிற்சாலை ஏராளமாகச் செலவழித்து ஒரு புதிய பசையைக் கண்டுபிடிக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பசையைப் பூட்டி வைத்துவிடலாம். ஆனால் கண்டுபிடித்தவர் சாயங்காலம் வீட்டுக்குப் போயாக வேண்டும். போகிற வழியில் முடிவெட்டிக்கொள்வார். நாற்காலியில் சாய்ந்ததும் வாய் சும்மா இருக்காது. ஈரம் பட்டால் ஒட்டாது என்று இத்தனை நாள் நினைத்தோம், லேசாக ஈரம் இருந்தால்தான் நன்றாக ஒட்டுகிறது என்று பேச்சுவாக்கில் சொல்வார். பக்கத்து நாற்காலியில் முகமெல்லாம் சோப்பு நுரையோடு உட்கார்ந்திருக்கும் செருப்புக் கம்பெனி முதலாளி அதைக் கேட்பார். அவ்வளவுதான். அந்த அறிவில் ஒரு துண்டு செருப்புக்குள் போய்விட்டது.

இதற்குப் பொருளாதார அறிஞர்கள் வைத்திருக்கும் பெயர் அறிவுக் கசிவு. இதில் அழகான ஒரு விஷயம் உண்டு. கசிவு வெகு தூரம் போகாது. அதே முடிவெட்டும் கடைக்கு வருகிற தூரத்தில் இருக்கிறவருக்குத்தான் கிடைக்கும். ஆகவே புத்தியுள்ள கம்பெனிகள் ஆராய்ச்சி நடக்கும் இடத்துக்குப் பக்கத்தில் வந்து உட்காரும். அவற்றைத் தேடி வேலைக்காரர்கள் வருவார்கள். அவர்களைத் தேடி வீடுகள், கடைகள், இன்னும் சில முடிவெட்டும் கடைகள். பேச்சு பெருகும். ஊர் வளரும். யாரும் கட்டளையிடாமல், எவரும் மேற்பார்வை பார்க்காமல் நடக்கிற காரியம் இது.

யாரும் மேற்பார்வை பார்க்காமல் ஒரு காரியம் நடப்பதை அரசாங்கத்தால் எத்தனை நாள் பொறுத்துக்கொள்ள முடியும்?

இந்த ஊரின் ஓரத்தில் அரசாங்கம் ஒரு பெரிய ஆராய்ச்சி நிலையம் கட்டியது. நான்கு பக்கமும் உயரமான சுவர், சுவர் மேல் கம்பிவேலி. உள்ளே போகிறவர்கள் மூடிய பஸ்ஸில் போய் மூடிய பஸ்ஸில் திரும்பினார்கள். பல வருஷங்கள் காத்திருந்தும் ஊர் வளரவில்லை. காரணத்தை ஆராய ஒரு குழு போட்டார்கள். சுவருக்கு வெளியே இருக்கும் மக்கள் அறிவை உறிஞ்சத் தவறிவிட்டார்கள் என்று குழு கண்டுபிடித்தது. உடனே அறிவுக் கசிவு ஆணையம் பிறந்தது.

ஆணையத்தை உண்டாக்கிய உத்தரவில் இரண்டு வாக்கியங்கள் இருந்தன. நிலையத்தின் அறிவு சுற்றுவட்டாரத்துக்குக் கசிந்தே ஆக வேண்டும் என்பது முதல் வாக்கியம். மக்கள் வரிப்பணத்தில் உருவான அறிவு ஒரு சொட்டுகூட வெளியே கசியக் கூடாது என்பது இரண்டாவது. மேலதிகாரிகள் குழம்பவில்லை. வாக்கியத்துக்கு ஒரு பிரிவு என்று அமைத்தார்கள். முதல் வாக்கியத்துக்குக் கசிவு ஊக்கப் பிரிவு, இரண்டாவதற்குக் கசிவு தடுப்புப் பிரிவு. கட்டடத்தில் இடம் போதாததால் இரண்டும் ஒரே அறையில் இயங்கின. நடுவில் ஓர் இரும்பு பீரோ. சன்னல் பக்கம் ஊக்க அதிகாரி, கதவுப் பக்கம் தடுப்பு அதிகாரி. பீரோவின் ஓரத்தில், இரண்டு பக்கமும் திரும்பும் சுழல் நாற்காலியில், இருவருக்கும் பொதுவான ஒரு தட்டச்சுக்கார அம்மாள்.

அடுத்தது வட்டம். அறிவு எவ்வளவு தூரம் கசியும் என்று ஒரு கணக்கு வேண்டுமே. ஆணையத் தலைவர் வரைபடத்தை விரித்து, நிலையத்தின் மேல் காம்பஸின் ஊசியைக் குத்தி, கால்களை முடிந்த மட்டும் அகட்டி ஒரு வட்டம் போட்டார். அந்தக் காம்பஸ் அதற்கு மேல் அகலாது. ஆகவே அறிவும் அதற்கு மேல் போகாது என்று முடிவானது. வட்டத்துக்குள் இருக்கிற ஒவ்வொருவரும் தங்களிடம் அறிவு கசிந்திருப்பதை நிரூபிக்க வேண்டும். நிரூபிக்காதவர் 'உறிஞ்சாதார்'. உறிஞ்சாதாரின் இடத்தை, உறிஞ்சத் தயாராக இருக்கும் ஒரு நிறுவனத்துக்குக் கொடுத்துவிட்டு, அவர்களை வெளிவட்டத்துக்கு அனுப்பிவிடுவார்கள். வெளிவட்டம் என்பது பெருவழிச் சாலைக்கு அப்பால் எண் போட்ட கற்கள் நட்ட ஒரு பொட்டல்.

வட்டக் கோடு ஒரு ஃபிரிட்ஜ் ரிப்பேர் கடையின் மேல் ஓடியது. காம்பஸின் பென்சில் கொஞ்சம் மழுங்கியிருந்ததால் கடை உள்ளே இருக்கிறதா வெளியே இருக்கிறதா என்று சில நாள் விவாதித்துவிட்டு, உள்ளேதான் என்று தீர்மானித்தார்கள்.

கடைக்காரரை எல்லோரும் கூலிங் என்று கூப்பிடுவார்கள். கீழே கடை, மேலே வீடு. கணவனும் மனைவியுமாகத் தொழில் செய்தார்கள். குழாய், கேஸ், கம்ப்ரசர் எல்லாம் அவர் பொறுப்பு. கதவைச் சுற்றி வரும் ரப்பரை அளந்து வெட்டி மாட்டுவது மனைவியின் பொறுப்பு. கதவு ரப்பர் நெளிந்திருந்தால் கணவரைக் கேட்காமலே அவர் தட்டி நேராக்கிவிடுவார். கணவர் நெளிந்திருந்தாலும் அப்படித்தான்.

ஃபிரிட்ஜ் என்பது மூடிய குழாய்க்குள் ஒரு வாயு சுற்றிச்சுற்றி வருகிற இயந்திரம். அந்த வாயு பெட்டிக்குள்ளே இருக்கும் வெப்பத்தை உறிஞ்சிக்கொண்டு போய் வெளியே கொட்டிவிட்டுத் திரும்ப வரும். சுற்று மூடியிருக்கும் வரை வருஷக்கணக்காக ஓடும். எங்காவது மயிரிழை அளவு கசிவு இருந்தால் செத்தது. ஆகவே கூலிங்குக்குக் கசிவு என்ற சொல்லை விடக் கேவலமான சொல் கிடையாது. இரண்டு குழாய்கள் சேரும் ஒரு மூட்டைப் பற்றவைத்து முடித்ததும் அதன் மேல் சோப்பு நுரையைத் தடவிவிட்டு முகத்தை ஒட்டினாற்போல் வைத்துப் பார்த்துக்கொண்டிருப்பார். ஒரு குமிழி கிளம்பினாலும் அவருக்கு அன்றைக்குச் சாப்பாடு இறங்காது.

இந்த மனிதரிடம்தான் ஆணையத்தின் கணக்கெடுப்பாளர் வந்து, "உங்க கடையில கசிவு இருக்கா?" என்று கேட்டார்.

கூலிங்குக்கு முகம் சிவந்துவிட்டது. யார் புகார் கொடுத்தது என்று கேட்டார். புகார் இல்லை, பொதுவான கணக்கெடுப்புதான் என்றார் கணக்கெடுப்பாளர். கூலிங் அவரைக் கையைப் பிடித்து உள்ளே இழுத்துப் போய், அன்று பற்றவைத்த ஒரு மூட்டின் மேல் நுரையைத் தடவிக் காட்டினார்.

"நல்லாப் பாருங்க சார். ஒரு குமிழி வருதா? இந்தக் கடை ஆரம்பிச்ச நாள்ல இருந்து கசிவுங்கிற பேச்சே கிடையாது."

"வெளிய இருந்து உள்ள வர்ற கசிவு?"

"உள்ளயும் வராது, வெளியவும் போகாது. அதுக்காகத்தானே என்கிட்ட வர்றாங்க."

கணக்கெடுப்பாளர் மரியாதையாகத் தலையசைத்து எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார். உங்களைப் போல் இவ்வளவு நிச்சயமாகச் சொன்ன ஆள் இந்தத் தெருவில் யாருமில்லை என்று பாராட்டவும் செய்தார். கூலிங் அவருக்கு டீ வரவழைத்துக் கொடுத்தார்.

சில வாரங்களில், கடையைக் காலி செய்யச் சொல்லி ஆள் வந்தது. அந்த இடம், கசிவைப் பற்றி அறிக்கை எழுதும் ஓர் ஆலோசனை நிறுவனத்துக்கு ஒதுக்கப்பட்டிருந்தது.

கூலிங் ஆணையத்துக்கு ஓடினார். ஊக்க அதிகாரி மென்மையான மனிதர். எதிரில் இருப்பவருக்குக் கெட்ட செய்தி சொல்லும்போதெல்லாம் அவருடைய குரல் இன்னும் இனிமையாகிவிடும். கசிவு என்றால் கேஸ் கசிவு இல்லை, அறிவுக் கசிவு என்று அவர் விளக்கிச் சொன்னார். அது தெரியாமல்தான் அப்படிச் சொல்லிவிட்டேன் என்றார் கூலிங். தெரியாமல் என்பதுதான் ஐயா குற்றச்சாட்டே என்றார் அதிகாரி.

"அறிவு தினமும் உங்க வாசல் வரைக்கும் வருது. நீங்க கதவைத் திறக்கல. அது என்ன பண்ணும், பாவம்? திரும்பிப் போயிடுது. வந்து போற செலவு அரசாங்கத்துக்கு."

இருந்தாலும் ஆணையம் கல்நெஞ்சம் கொண்டதல்ல. உறிஞ்சாதாருக்கு உறிஞ்சக் கற்றுக்கொடுக்க ஏற்பாடுகள் இருந்தன. கூலிங் அவற்றில் சேர்க்கப்பட்டார்.

முதல் ஏற்பாடு தற்செயல் மண்டபம். பெரிய கண்டுபிடிப்புகள் கூட்டங்களில் பிறப்பதில்லை, நடைபாதைகளில் இரண்டு பேர் எதேச்சையாக மோதிக்கொள்ளும்போதுதான் பிறக்கின்றன என்று எங்கோ யாரோ ஆராய்ந்து சொல்லியிருந்தார்கள். அது உண்மையும்கூட. ஆணையம் உடனே ஒரு நீண்ட நடைபாதை கட்டி, நடுவில் ஒரு திருப்பம் வைத்தது. புதன்கிழமைதோறும் ஒரு முனையிலிருந்து ஊர்க்காரர்களையும் மறு முனையிலிருந்து ஆராய்ச்சியாளர்களையும் மணியடித்து அனுப்பினார்கள். திருப்பத்தில் மோதிக்கொண்டு, "அடடா, நீங்களா?" என்று கேட்க வேண்டும். கேட்காவிட்டால் திரும்ப முனைக்குப் போய் மறுபடி நடந்து வர வேண்டும். திருப்பத்தில் தடுப்புப் பிரிவின் காவலர் ஒருவர் நின்றிருந்தார். மோதியவர்கள் ஆராய்ச்சியைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசிவிடாமல் பார்த்துக்கொள்வது அவர் வேலை.

கூலிங் மோதியது ஒரு வயதான ஆராய்ச்சியாளர் மேல். இருவரும் அடடா நீங்களா என்றார்கள். பிறகு காவலரைப் பார்த்தார்கள். பிறகு முழங்கால் வலியைப் பற்றிப் பேசினார்கள். சந்திப்பு நடந்தது, கசிவு நடக்கவில்லை என்று இரண்டு பிரிவுகளும் சான்றளித்தன. ஒன்று வருத்தத்தோடு, இன்னொன்று திருப்தியோடு.

அடுத்தது உறிஞ்சுதிறன் சோதனை. நிலையத்தின் சுற்றுச்சுவரை ஒட்டி ஸ்டூல் போட்டு, முதுகு சுவரில் படும்படி உட்கார வைத்தார்கள். சுவருக்கு அந்தப் பக்கம்தான் முக்கியமான ஆய்வுக்கூடம். மத்தியான வெயில். நெடுநேரம் கழித்து ஓர் ஊழியர் வந்து, இப்போது மனதில் என்ன தோன்றுகிறது என்று கேட்டார்.

"முதுகு சுடுதுங்க" என்றார் கூலிங்.

வெப்பம் கசிந்திருக்கிறது, ஆனால் வெப்பம் வேறு இலாகா என்று ஊழியர் குறித்துக்கொண்டார்.

கடைசி விசாரணைக்கு நாள் குறித்தார்கள். அன்றைக்காவது ஒரு கசிவைக் காட்டாவிட்டால் கடையும் வீடும் போய்விடும். பொட்டலில் ஃபிரிட்ஜ் ரிப்பேர் செய்ய யார் வருவார்கள்? அங்கே கரண்டே இல்லை. கூலிங் ஒரு கம்ப்ரசரின் மேல் உட்கார்ந்து தலையில் கை வைத்துக்கொண்டார்.

"ஏங்க, அந்த நைட்ரஜன் விஷயம்?" என்றார் மனைவி, ரப்பரை வெட்டிக்கொண்டே. "அது நம்ம லேப் மேடம் சொன்னதுதானே?"

கூலிங் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

அது என்ன விஷயம் என்று சொல்லிவிட வேண்டும். செம்புக் குழாய்களைப் பற்றவைக்கும்போது குழாய் சிவக்கச் சிவக்கச் சூடாகும். வெளியே படிகிற கரியைத் துடைத்துவிடலாம். ஆனால் குழாய்க்கு உள்ளேயும் காற்று இருக்கிறதே. அந்தக் காற்று சூடான செம்போடு சேர்ந்து உட்சுவரில் கறுப்பாக ஒரு பொருக்கை உண்டாக்கும். அது கண்ணுக்குத் தெரியாது. ஃபிரிட்ஜ் ஓட ஆரம்பித்த பிறகு பொருக்கு உதிர்ந்து வாயுவோடு பயணம் போகும். வழியில் ஊசித்துளையைப் போன்ற ஒரு மெல்லிய குழாய் இருக்கிறது, ஃபிரிட்ஜின் உயிரே அதில்தான். பொருக்கு அங்கே போய் அடைத்துக்கொள்ளும். சில மாதங்களில் பெட்டி மறுபடி கடைக்கு வரும். ஏன் வருகிறது என்று கூலிங்குக்குப் புரிந்ததே இல்லை. மூட்டில் கசிவு இல்லையே, பிறகு ஏன் என்று ஒவ்வொரு தடவையும் குழம்பிப்போவார்.

நிலையத்தில் உலோகங்களை ஆராயும் பெண்மணி ஒருவர் இருந்தார். கூலிங் அவர் வீட்டு ஃபிரிட்ஜைச் சரிசெய்யப் போனபோது, அவர் சமையலறை வாசலில் நின்று வேடிக்கை பார்த்தார். வெட்டி எறிந்த பழைய குழாய்த் துண்டை எடுத்து வெளிச்சத்தில் பிடித்து உள்ளே பார்த்துவிட்டுச் சிரித்தார். பற்றவைக்கும்போது குழாய்க்குள் நைட்ரஜனை மெதுவாக ஓட விடுங்கள், உள்ளே காற்று இல்லாவிட்டால் பொருக்கு வராது என்றார். எவ்வளவு மெதுவாக என்று கேட்டதற்கு, குழாயின் வாயைக் கன்னத்தருகே பிடித்தால் குழந்தை மூச்சு விடுவது போல இருக்க வேண்டும் என்றார். அவ்வளவுதான் பேச்சு. கூலிங் அப்படியே செய்ய ஆரம்பித்தார். போன பெட்டிகள் திரும்பி வருவது நின்றது.

கசிவு என்றால் இதுதான். இதைவிடச் சுத்தமான உதாரணம் எந்தப் பாடப்புத்தகத்திலும் இருக்காது.

விசாரணைக்கு முந்தின நாள் சாயங்காலம் மேடமே கடைக்கு வந்தார். செய்தி எப்படியோ அவர் காதுக்குப் போயிருந்தது. உட்காரச் சொன்னதற்கு உட்காரவில்லை. அடுத்த மாதம் தன் வேலையை நிரந்தரமாக்கப் போகிறார்கள் என்றும், நிலையத்து ஊழியர் வாயிலிருந்து வெளியே போகிற எதுவும் நிலையத்தின் சொத்து என்று தடுப்புப் பிரிவு சொல்கிறது என்றும் சொன்னார். நைட்ரஜன் விஷயம் உலகத்துக்கே தெரிந்தது, தான் ஆராய்ச்சி செய்து கண்டுபிடித்ததுகூட இல்லை என்றார். ஆனால் அதைக் கேட்க அங்கே ஆள் கிடையாது.

"என் பேரை மட்டும் சொல்லாதீங்க அண்ணா" என்றார். "நான் ஒண்ணும் பெருசாச் சொல்லலையே. சும்மா பேசிட்டு இருந்ததுதானே."

சொல்ல மாட்டேன் என்றார் கூலிங். மேடம் போன பிறகு மனைவி, மேடத்துக்கு இந்த வேலை போனால் இன்னொரு ஊரில் இன்னொரு வேலை கிடைக்கும், நமக்கு இந்தக் கடை போனால் என்ன கிடைக்கும் என்று மட்டும் கேட்டார்.

விசாரணை அன்று ஊக்க அதிகாரி அவரைச் சன்னல் பக்கம் உட்கார வைத்தார். கூலிங் நைட்ரஜன் விஷயத்தைச் சொன்னார். அதிகாரி கண்ணை மூடிச் சங்கீதம் கேட்பது போலக் கேட்டார். அதனால் வருமானம் எவ்வளவு கூடியது என்று விசாரித்தார். கூடவில்லை, பெட்டிகள் திரும்பி வராததால் கொஞ்சம் குறைந்திருக்கிறது என்றார் கூலிங். அப்படியானால் இது எதிர்மறை வளர்ச்சி, பரவாயில்லை, எதிர்மறையும் ஒரு வளர்ச்சிதான் என்று அதிகாரி சமாதானம் செய்தார்.

"சரி, இதை உங்களுக்கு யாரு சொன்னது?"

எல்லாருக்கும் தெரிந்த விஷயம்தான் என்றார் கூலிங்.

"எல்லாருக்கும் தெரிஞ்சதுன்னா அது பொது அறிவு. பொது அறிவு எங்ககிட்ட இருந்து கசிய முடியாதே. அப்ப கடையைக் காலி பண்ணிடுங்க."

"நானே கண்டுபிடிச்சதா வச்சுக்குங்க சார்."

"அப்ப நீங்க ஒரு ஆராய்ச்சி நிலையம். அனுமதி வாங்காம நடத்தியிருக்கீங்க. அதுக்குத் தண்டனை வேற. கடையும் போகும், நீங்களும் போவீங்க." அதிகாரியின் குரல் மிகவும் இனிமையாகிவிட்டது. "எங்க ஆளு ஒருத்தர் உங்களுக்குச் சொல்லியிருந்தா மட்டும்தான் அது கசிவு. அப்படி யாராவது இருக்காங்களா?"

கூலிங் பீரோவைப் பார்த்தார். அதிகாரிக்குப் புரிந்தது.

"அதைப் பத்திக் கவலையே படாதீங்க. நீங்க இங்க சொல்றது அந்தப் பக்கம் போகாது. எங்க ரெண்டு பிரிவுக்கும் நடுவுல கசிவே கிடையாது. அதுல நாங்க ரொம்பக் கண்டிப்பு."

பீரோவுக்குப் பின்னாலிருந்து யாரோ இருமும் சத்தம் கேட்டது.

கூலிங்குக்கு அது தெளிவாகவே கேட்டது. அவருடைய காது, ஓடுகிற கம்ப்ரசரில் ஒரு ஸ்பிரிங் தளர்ந்திருப்பதைத் தெருவிலிருந்தே கண்டுபிடிக்கிற காது. இருமியவர் ஒரு கையெட்டும் தூரத்தில் இருக்கிறார் என்று அவருக்குத் தெரியும். தட்டச்சுக்கார அம்மாள் விரல்களை விசைகளின் மேல் வைத்துக்கொண்டு அவரையே பார்த்தார். கூலிங்கின் கண் முன்னால் எண் போட்ட கற்கள் வந்தன. அவற்றின் நடுவில் கதவு ரப்பர் சுருளை மடியில் வைத்துக்கொண்டு மனைவி உட்கார்ந்திருந்தார்.

"உலோகம் பாக்குற மேடம் சொன்னாங்க" என்றார்.

தட்டச்சு விசைகள் ஓடின. ஊக்க அதிகாரி எழுந்து நின்று அவர் கையைக் குலுக்கினார். ஆணையம் தொடங்கிய நாளிலிருந்து நிரூபிக்கப்பட்ட முதல் கசிவு இது என்று சொல்லும்போது அவர் கண்கள் கலங்கிவிட்டன.

கூலிங் கிளம்பினார். கதவுக்குப் போகிற வழி பீரோவைத் தாண்டித்தான். தட்டச்சுக்கார அம்மாளின் நாற்காலி அதற்குள் சுழன்று இந்தப் பக்கம் திரும்பியிருந்தது. தடுப்பு அதிகாரி அவரை உட்காரச் சொன்னார். வெடுக்கென்று பேசும், ஒளிவுமறைவில்லாத மனிதர்.

"அந்தப் பக்கம் நீங்க என்ன சொன்னீங்கன்னு எனக்குத் தெரியாது. தெரிஞ்சா அது பிரிவுக்குள்ள கசிவாயிடும், நானே என் மேல நடவடிக்கை எடுக்கணும். அதனால மறுபடி முதல்ல இருந்து சொல்லுங்க. அந்த மேடத்துல இருந்து ஆரம்பிச்சாப் போதும்."

கூலிங் சொன்னார். இரண்டாவது தடவை சொல்வது சுலபமாக இருந்தது. வீட்டுக்குத் திரும்பும் வழியெல்லாம் அவரை உறுத்தியது அதுதான்.

மேடத்துக்கு வேலை போனது. நிலையத்து வீட்டையும் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். சாமான் ஏற்ற வந்த வண்டி கடையைத் தாண்டித்தான் போக வேண்டும். கூலிங் சட்டையை மாட்டிக்கொண்டு அவர் வீட்டுக்கு நடந்தார். ஏதாவது சொல்ல வேண்டும் என்று நினைத்தார், என்ன என்று தெரியவில்லை. அங்கே சுமை தூக்குகிறவர்கள் ஃபிரிட்ஜைப் படுக்கை வாட்டில் வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். அப்படிப் படுக்க வைக்கக் கூடாது. கம்ப்ரசரின் அடியில் இருக்கும் எண்ணெய் குழாய்களில் ஏறிவிடும். பிறகு உடனே ஓட்டினால் கம்ப்ரசர் போய்விடும். அவர் வாயைத் திறந்து நிமிர்த்தி வையுங்கள் என்று சொல்லப் போனார்.

மேடம் கையை உயர்த்தி அவரைத் தடுத்தார். கோபமாகக்கூட இல்லை.

"வேண்டாங்க. நீங்க எனக்கு எதுவும் சொன்னதா இருக்க வேண்டாம்."

முன்பு அண்ணா என்று கூப்பிட்டவர். ஃபிரிட்ஜ் படுத்தபடியே போனது.

அந்த வருஷ ஆணைய விழா தற்செயல் மண்டபத்தில் நடந்தது. கூலிங்கையும் மனைவியையும் முன் வரிசையில் உட்கார வைத்தார்கள். ஒரே கசிவுக்காக இரண்டு பிரிவுகளுக்கும் பதக்கம் கிடைத்தது. கசிந்ததை நிரூபித்ததற்கு ஒன்று, கசிந்த இடத்தை அடைத்ததற்கு ஒன்று. இரண்டு அதிகாரிகளும் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். தலைவர் பேச எழுந்தார்.

"வட்டம் வளர்ந்திருக்கு. போன வருஷம் இருந்த வாடகைக்கு இப்ப ஒரு மாட்டுக்கொட்டாய்கூடக் கிடைக்காது. இதை விட வளர்ச்சிக்கு என்ன சாட்சி வேணும்? இங்க இருந்த பழைய ஆளுங்க பாதிப் பேர் வாடகை கொடுக்க முடியாமப் போயிட்டாங்க. அவங்களாப் போனாங்க, நாம அனுப்பல. அதைவிட முக்கியமான விஷயம் ஒண்ணு. நாம வேலையை விட்டு எடுத்த அந்த அம்மா இப்ப தூரத்துல ஏதோ ஊர்ல இருக்காங்களாம். அவங்க தலையில இருக்கிற அறிவும் அங்க போயிருச்சு. யோசிச்சுப் பாருங்க. என் காம்பஸ் எட்டாத இடத்துக்கு நம்ம அறிவு போயிருக்கு. ஒரே ஒரு ஆளை வெளிய அனுப்பினதுல இவ்வளவு கசியுதுன்னா, நாம எத்தனை பேரை உள்ளயே சும்மா வச்சிருக்கோம்?"

கைதட்டல் ஓய நேரமானது. அடுத்த மாதத்திலிருந்து நிலையத்தின் ஆராய்ச்சியாளர்களைக் கூட்டம் கூட்டமாக வேலையை விட்டு அனுப்பத் தொடங்கினார்கள். வளர்ச்சித் திட்டத்தின் இரண்டாம் கட்டம் என்று அதற்குப் பெயர். மூடிய பஸ்கள் காலியாகவே போய்க் காலியாகவே திரும்பின. கட்டடம் காலியானதும் ஊக்கப் பிரிவுக்கும் தடுப்புப் பிரிவுக்கும் தனித்தனி மாடி கிடைத்தது.

கூலிங்கின் கடை நிலைத்தது. வாசலில் ஆணையம் ஒரு பலகை மாட்டியது: மாதிரிக் கசிவு நிலையம். ஃபிரிட்ஜ் ரிப்பேர் செய்கிறவரின் வாசலில் அப்படி ஒரு பலகையைப் பார்த்த புது வாடிக்கையாளர்கள் பெட்டியை வேறு கடைக்கு எடுத்துப் போனார்கள். பழையவர்கள் வந்தார்கள். ஆனால் பழைய பேச்சு இல்லை. பெட்டிக்கு என்ன கோளாறு என்று கேட்டால், சரியாகிவிடும் என்று மட்டும் சொன்னார். பற்றவைக்கிற நேரத்தில் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டுக்கொண்டார். தெருவில் மற்றவர்களும் அப்படித்தான் ஆகியிருந்தார்கள். தையல்காரர் வெட்டும் மேசையைச் சுவர்ப் பக்கம் திருப்பிப் போட்டிருந்தார். முடிவெட்டும் கடையில் எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்தார்கள்.

கூலிங்கின் மனைவிக்கு ஒரு தம்பி. வேறு ஊரில் அவனுக்கும் இதே தொழில், கடை ஆரம்பித்து அதிக நாள் ஆகவில்லை. ஒருநாள் மத்தியானம் அவன் போன் செய்தான். அக்காள் கை வேலையாக இருந்ததால் போனை ஸ்பீக்கரில் போட்டு மேசை மேல் வைத்தார். அவன் அக்காவிடம் ஒரு வார்த்தை நலம் விசாரித்துவிட்டு நேரே விஷயத்துக்கு வந்தான். போன பெட்டியெல்லாம் திரும்பி வருகிறதாம். மூட்டு நன்றாகத்தான் இருக்கிறது, நுரை போட்டுப் பார்த்தால் குமிழியே இல்லை, ஆனாலும் சில மாதத்தில் அடைத்துக்கொள்கிறதாம். ஒரு வாடிக்கையாளர் கடைக்குள் வந்து கன்னத்தில் அறைந்துவிட்டார். கட்டட முதலாளி கடையைக் காலி செய்யச் சொல்கிறார்.

"உங்களுக்கு மட்டும் எப்படி மாமா திரும்பி வராம இருக்கு? ஏதாவது வழி இருந்தா சொல்லுங்க. எனக்கு வேற யாரும் இல்ல."

கூலிங் கையிலிருந்த குழாயைக் கீழே வைத்தார். எழுந்து போய், பாதி இறங்கியிருந்த ஷட்டரின் அடியில் குனிந்து தெருவைப் பார்த்தார். தெருவில் ஒரு நாய்கூட இல்லை. திரும்பி வந்து போனுக்குப் பக்கத்தில் நின்றார்.

"தெரியல மாப்ள" என்றார். "பெட்டி ராசி அப்படி."

சரிங்க மாமா என்று சொல்லிவிட்டு அவன் வைத்துவிட்டான்.

மனைவி ரப்பர் வெட்டும் கத்தியைப் பிடித்தபடியே அவரைப் பார்த்தார்.

"அவன் என் தம்பிங்க. உங்களுக்குத்தான் தெரியுமே."

"சொன்னா அவனுக்கும் சரியாயிடும்" என்றார் கூலிங். "சரியாயிட்டா, உனக்கு யாரு சொன்னதுன்னு அவன்கிட்ட ஒருநாள் கேப்பாங்க. என்னைப் போல அவனுக்கும் காப்பாத்த ஒரு கடை இருக்குல்ல."